சென்டர் லைனில் தொடங்கும் அஸ்திவார பிளான்: ஆட்டோகேடில் ஒரு 30×40 மனை

வீட்டு பிளான் நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட அஸ்திவார பிளான் என்று வந்ததும் அதே படத்தைக் காப்பி எடுத்து, கதவு ஜன்னலை அழித்து, பில்லருக்கு ஒரு சதுரம் போட்டு, வெளியே நாலு அளவு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பார்க்க சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேப்பரை வாங்கும் மேஸ்திரி மனையில் நின்று நூல் கட்டி, சுண்ணாம்பு போட்டு, ஜேசிபிக்கு இடம் காட்ட வேண்டும். அவருக்கு வேண்டியது மூன்று நான்கு விஷயங்கள்தான்: சென்டர் எங்கே, குழி எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், பில்லர் எந்தப் பக்கம் நீளமாக நிற்கிறது. இதை அவர் படத்தில் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டி வந்தால் படம் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் மண்ணில் மார்க்கிங் எந்த வரிசையில் நடக்குமோ அதே வரிசையில் கம்ப்யூட்டரிலும் வரையுங்கள். முதலில் மனை, அப்புறம் சென்டர் லைன் (சுவரின் மையக்கோடு), அப்புறம் பில்லர், அதன்பின் ஃபுட்டிங் (பில்லரின் அடியில் வரும் அகலமான கான்கிரீட் பாதம்), கடைசியில் பிசிசி (ஃபுட்டிங்குக்கும் கீழே போடும் கம்பியில்லாத கான்கிரீட்). சுவர் வெறும் துணைக்குத்தான்.

உதாரணத்துக்கு 30×40 அடி மனையில் தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு பில்லர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபுட்டிங். நான் இங்கே சொல்லும் ஃபுட்டிங் அளவுகள் வரையும் முறையைக் காட்ட மட்டுமே. அளவைத் தீர்மானிப்பது மண்ணின் தாங்குதிறனும் கட்டடத்தின் பாரமும், அதைக் கணக்குப் போட்டுத் தரவேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். பக்கத்து வீட்டுக்கு 4 அடிக்கு 4 அடி போட்டார்கள், இதற்கும் அதையே போடு என்று யாராவது சொன்னால் வரையாதீர்கள். கரிசல் மண் என்றால் இந்த மாதிரி ஃபுட்டிங்கே சரிவராமல் போகலாம். அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அங்கே அண்டர்ரீம்டு பைல் (அடியில் குமிழ்போல் விரியும் ஆழமான கான்கிரீட் தூண்) வரை யோசிக்க வேண்டியிருக்கும், அப்போது படமே வேறு.

முதலில் மனை

பத்திரத்தில் 30×40 என்று இருக்கும். தரையில் டேப் பிடித்தால் ஒரு பக்கம் 29 அடி 9 அங்குலம், இன்னொரு பக்கம் 30 அடி 2 அங்குலம் என்று வரலாம், மூலைகளும் செங்கோணமாக இருக்காது. அதனால் நாலு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து வரச் சொல்லுங்கள். அந்த ஐந்து அளவு இருந்தால் போதும். முன்பக்கக் கோட்டைப் போடுங்கள், அதன் ஒரு முனையில் பக்கவாட்டு நீளத்தை ஆரமாக வைத்து ஒரு வட்டம், மறுமுனையில் மூலைவிட்டத்தை ஆரமாக வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் புள்ளிதான் பின்மூலை. நான்காவது மூலைக்கும் அதே வழி. மனையின் உண்மையான வடிவம் கிடைத்துவிடும், இதை ‘பவுண்டரி’ என்று தனி லேயரில் வைத்து லாக் செய்துவிடுங்கள்.

புது ஃபைலை அகாட்ஐஎஸ்ஓ (acadiso) டெம்ப்ளேட்டில் திறவுங்கள், வெறும் அகாட் (acad) டெம்ப்ளேட் அங்குலக் கணக்கில் வந்து நிற்கும். யூனிட்ஸில் டெசிமல், மில்லிமீட்டர். நம் ஊரில் வீட்டு பிளான் அடி அங்குலத்தில் ஓடினாலும் கம்பியும் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) கான்கிரீட் கனமும் மில்லிமீட்டரில்தான் பேசப்படுகின்றன, அதனால் அஸ்திவாரப் படம் முழுக்க மில்லிமீட்டரில் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மேஸ்திரி அடியில் கேட்டால் முக்கியமான அளவுக்குக் கீழே அடியும் எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மில்லிமீட்டர் என்று கலந்து மட்டும் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, அளவின் துல்லியத்தை வரையும்போது ஒரு தசமம் வரை வையுங்கள். பூஜ்யத்தில் வைத்தால் 3299.6 என்று இருப்பதும் 3300 என்றே காட்டும், கோடு எங்கோ நழுவியிருப்பது கடைசிவரை தெரியாது. பிரின்ட் எடுக்கும் முன் மாற்றிக்கொள்ளலாம்.

லேயர் அதிகம் வேண்டாம். கிரிட் (சென்டர் லைன்கள் சேர்ந்த வலை), பில்லர், ஃபுட்டிங், பிசிசி, பிளின்த் பீம் (தரைத்தளச் சுவரைத் தாங்கும் பீம்), சுவர், பவுண்டரி, அளவு, எழுத்து. கிரிட்டுக்கு சென்டர் லைன்டைப், பிசிசிக்கு விட்டுவிட்டு வரும் கோடு, ஃபுட்டிங்குக்கு முழுக்கோடு. கோட்டின் தடிமனை லேயரிலேயே கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் தனியாக நிறம் மாற்றும் பழக்கம் பின்னால் திருத்தும்போது உயிரை வாங்கும்.

சென்டர் லைன்

ஆர்க்கிடெக்ட் கொடுத்த பிளானை எக்ஸ்ரெஃபாக, அதாவது வெளி ஃபைலை நம் படத்தோடு இணைத்துக் காட்டும் முறையில், கொண்டுவாருங்கள். அது அங்குலத்தில் வரைந்ததாக இருந்தால் 25.4 மடங்கு பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கியபின் ஏதாவது ஒரு 3 அடி கதவை அளந்து பாருங்கள், 914.4 என்று காட்டினால் சரி. ஆட்டோகேட் தானாகவே யூனிட் மாற்றி ஒருமுறை பெரிதாக்கியிருக்கலாம், தெரியாமல் நாமும் இன்னொரு முறை பெரிதாக்குவோம், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். இடது கீழ்மூலையில் வரும் இரண்டு சுவர்களின் மையக்கோடுகள் வெட்டும் இடம் 0,0 புள்ளியில் உட்காரும்படி பிளானை நகர்த்துங்கள், பவுண்டரியையும் லாக் எடுத்துவிட்டுச் சேர்த்துத்தான். அது ஏன் என்பது அளவு போடும்போது புரியும்.

இப்போது எக்ஸ்லைன் கட்டளையில் 0,0 வழியாக ஒரு செங்குத்துக் கோடும் ஒரு படுகோடும். அவற்றை ஆஃப்செட் செய்யுங்கள், அதாவது குறித்த தூரத்தில் இணைகோடுகள் எடுங்கள். நம் வீட்டில் குறுக்கே 3300, 3300. நெடுக்கே 3000, 3300, 2700. ஒரு பக்கம் ஏ, பி, சி என்றும் மறுபக்கம் 1, 2, 3, 4 என்றும் வட்டத்துக்குள் பெயர் கொடுங்கள். எழுத்தில் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம், ஒன்றையும் பூஜ்யத்தையும் போலத் தெரியும். வெட்டும் இடத்தைச் சொல்லும்போது நடுவே ஒரு சிறு கோடு போட்டு சி-1 என்று எழுதுங்கள். பில்லர் வகைக்கும் பலர் சி1 என்று பெயர் வைக்கிறார்கள், சைட்டில் இது நிஜமாகவே குழப்பம் தருகிறது.

எக்ஸ்ரெஃபில் இருக்கும் சுவரின் நடுவில் கிரிட் சரியாக உட்கார்கிறதா என்று ஒவ்வொரு கோட்டிலும் பெரிதாக்கிப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் கிரிட்டை இழுத்து சுவருக்குப் பொருத்தாதீர்கள். 3287.4 மாதிரி ஓர் அளவை நூலில் யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆர்க்கிடெக்டிடம் பேசி முழு எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், அறையின் உள்ளளவில் ஒரு விரல்கடை குறைவதால் ஒன்றும் ஆகாது.

அந்த 35 மில்லிமீட்டர்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். சுவர் 230. பில்லர் 230×300. பில்லரின் 230 பக்கம் சுவரின் கனத்துக்குள் மறைந்துவிடும், 300 பக்கம் சுவரின் நீளவாட்டில் போகும். சுவரின் நடுவில் வரும் பில்லருக்கு இதில் பிரச்சினை இல்லை, அதன் மையமும் கிரிட்டும் ஒன்றுதான். மூலைப் பில்லரைப் பாருங்கள். ஏ-1ல் பில்லரின் 300 பக்கம் பக்கச்சுவரோடு போகிறது என்றால், முன்சுவரின் கனத்தைவிட அது 70 மில்லிமீட்டர் அதிகம். வெளிப்பூச்சு ஒரே மட்டமாக வரவேண்டும் என்பதால் பில்லரின் வெளிமுகத்தைச் சுவரின் வெளிமுகத்தோடு சேர்ப்போம், மிச்சம் 70ம் உள்ளே போகும், பில்லரின் மையம் கிரிட்டிலிருந்து 35 உள்ளே தள்ளிவிடும். 230×380 பில்லர் என்றால் இதுவே 75 ஆகும்.

படத்தில் இதைக் கவனிக்காமல் எல்லாப் பில்லரையும் கிரிட் வெட்டும் புள்ளியில் நடுவாக வைத்துவிட்டால், வெளிச்சுவரில் பில்லர் 35 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பூச்சில் மறைக்க மொத்தச் சுவருக்கும் கூடுதல் சிமெண்ட் போகும். சிலர் கிரிட்டையே பில்லர் மையத்துக்கு நகர்த்திவிடுவார்கள். ஒரு வரிசையில் எல்லாப் பில்லரும் ஒரே திசையில் நின்றால் அது நல்ல வழி. சின்ன வீடுகளில் அப்படி நிற்பதில்லை, ஏ-1 ஒரு பக்கமும் பி-1 இன்னொரு பக்கமும் திரும்பி நிற்கும். அதனால் கிரிட்டைச் சுவர் மையத்திலேயே விட்டுவிட்டு, எந்தப் பில்லர் நகர்கிறதோ அதன் பக்கத்தில் 35 என்று தெளிவாக அளவு எழுதுவதுதான் என் விருப்பம். ஃபுட்டிங் பில்லரின் மையத்தோடு போகவேண்டும், கிரிட்டோடு அல்ல. பில்லர் ஃபுட்டிங்கின் நடுவில் இல்லாமல் தள்ளி வருகிறது என்றால் இன்ஜினீயரிடம் கேட்காமல் விடாதீர்கள்.

பிளாக்காக வரையுங்கள்

நம் வீட்டில் மூன்று வகை ஃபுட்டிங். மூலைகள் நாலுக்கும் எஃப்1, 1200×1200. விளிம்பில் வரும் ஆறுக்கும் எஃப்2, 1500×1500. நடுவில் உள்ள பி-2, பி-3 இரண்டுக்கும் எஃப்3, 1800×1800. ரெக்டாங்கிளில் டைமென்ஷன் ஆப்ஷனைத் தேர்ந்து அளவு கொடுத்துச் சதுரத்தைப் போடுங்கள். அதைச் சுற்றி 100 வெளியே ஆஃப்செட் செய்து பிசிசி லேயருக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிளாக் (ஒருமுறை வரைந்து பல இடத்தில் வைக்கும் ஒரே பொருள்) ஆக்குங்கள், அடிப்புள்ளி கண்டிப்பாகச் சதுரத்தின் நடுவில் இருக்கவேண்டும். 2016 பதிப்பிலிருந்து ஜியோமெட்ரிக் சென்டர் என்று ஒரு ஸ்னாப் இருக்கிறது, அது நேராக நடுப்புள்ளியைப் பிடிக்கும். பழைய பதிப்பு என்றால் மூலைவிட்டக் கோடு போட்டு அதன் மிட்பாயின்டைப் பிடியுங்கள்.

பில்லரைத் தனி பிளாக்காக வையுங்கள், உள்ளே சாலிட் ஹேட்ச். ஃபுட்டிங்கோடு சேர்த்து ஒரே பிளாக் ஆக்கினால் பில்லரைத் திருப்பும்போது ஃபுட்டிங்கும் சேர்ந்து திரும்பும், செவ்வக ஃபுட்டிங் உள்ள வீட்டில் அது பெரிய தவறாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். இன்ஜினீயர் எஃப்2 அளவை 1650 ஆக மாற்றினார் என்று வையுங்கள், நடக்கிற விஷயம்தான். பிளாக்கைத் திறந்து ஒரு இடத்தில் மாற்றினால் ஆறும் மாறும். தனித்தனிக் கோடாக வரைந்திருந்தால் ஐந்தை மாற்றி ஒன்றை விட்டுவிடுவோம், அந்த ஒன்று பின்பக்கத்தில் யார் கண்ணுக்கும் படாமல் கட்டப்படும். வரைந்து முடித்ததும் குயிக் செலக்டில் ஒவ்வொரு பிளாக்கையும் எண்ணிப் பாருங்கள். 4, 6, 2 வரவேண்டும், பில்லர் 12.

லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளிலும் இதுவரை சொன்னதில் பெரும்பகுதியைச் செய்யலாம். லேயர், பிளாக், ஆஃப்செட் எல்லாம் அதில் இருக்கிறது. கட்டளைப் பெயர் கொஞ்சம் மாறும்.

மண்ணுக்குள் முட்டுகிறதா

இப்போது பவுண்டரி லேயரைப் பாருங்கள். சுவர் மனைக்குள் இருக்கிறது என்பதால் ஃபுட்டிங்கும் உள்ளே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப்2 மையத்திலிருந்து 750 வெளியே போகிறது, அதில் பாதிச் சுவர் 115, ஆக வெளிச்சுவர் முகத்தைத் தாண்டி 635. நம் வீட்டின் வெளி அகலம் 6830, மனை 9144, இரண்டு பக்கமும் சமமாக விட்டால் 1157 கிடைக்கிறது, பிசிசியின் 100ஐயும் சேர்த்தாலும் தாராளமாக உள்ளே. இதே வீட்டை ஒரு பக்கம் 2 அடி மட்டும் விட்டு நகர்த்தினால் 610தான் இருக்கும், ஃபுட்டிங் 25 மில்லிமீட்டரும் பிசிசி 125 மில்லிமீட்டரும் பக்கத்து மனைக்குள் போய்விடும். சட்டப் பிரச்சினை ஒருபக்கம், நாளை பக்கத்து மனைக்காரர் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது உங்கள் ஃபுட்டிங்கின் ஓரம் வெளியே தெரியும். அப்படி வந்தால் ஓரத்தில் நீங்களாக வெட்டிவிடாதீர்கள். அதற்கு ஸ்ட்ராப் பீம் (இரண்டு ஃபுட்டிங்கை இணைக்கும் பீம்) வைப்பதோ இரண்டு பில்லரைச் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போடுவதோ இன்ஜினீயரின் முடிவு.

ஒன்றோடொன்று முட்டுவதையும் பாருங்கள். பெரும்பாலும் மாடிப்படிப் பக்கம்தான் இது வரும். படிக்காக ஒரு பில்லர் 1500 தள்ளிப் போட்டிருப்பார்கள். அங்கே ஒரு எஃப்1ம் ஒரு எஃப்2ம் வந்தால் 600ம் 750ம் சேர்ந்து 1350, இடையில் 150தான் மிச்சம், இரண்டு பக்கமும் பிசிசி 100 வந்தால் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். குழியைத் தனித்தனியாக வெட்டவே முடியாது, நடுவில் உள்ள மண் சரிந்துவிடும்.

அப்புறம் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. வீட்டு பிளானில் அதை ஒரு சின்னச் செவ்வகமாகப் போட்டிருப்பார்கள், அஸ்திவாரப் படத்தில் பலர் அதைக் கொண்டுவருவதே இல்லை. செப்டிக் டேங்கும் அப்படித்தான். இரண்டையும் கட்டாயம் வரையுங்கள், அடிமட்டத்தையும் எழுதுங்கள். ஃபுட்டிங்கின் அடி 1500ல் இருக்கிறது, சம்ப்பின் அடி 2100ல் இருக்கிறது என்றால் 600 கீழே தோண்டுகிறோம், அதுவும் பெரும்பாலும் ஃபுட்டிங் போட்டபிறகு. வெவ்வேறு ஆழத்தில் வரும் பக்கத்துப் பக்கத்து ஃபுட்டிங்குகளுக்கு ஐஎஸ் 1904 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் சரிவு, கீழே ஒன்றுக்குக் குறுக்கே இரண்டு. அதையே இங்கேயும் வைத்துப் பார்த்தால் 1200 தள்ளி இருக்கவேண்டும். 30×40 மனையில் பின்னால் 1000 விட்டால் முன்னால் 1962 மிஞ்சும், அதில் ஃபுட்டிங் 635 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1327. சம்ப்புக்கு இடமே இல்லை! வரையும்போதே இதைக் காட்டினால் சம்ப்பின் ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம், இல்லை அந்தப் பக்க ஃபுட்டிங்கை ஆழமாக இறக்கலாம். வானம் பறித்தபிறகு தெரிந்தால் எந்த வழியும் செலவுதான்.

அளவு போடுவது

அஸ்திவாரப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டிம்கன்டினியூவில் 3000, 3300, 2700 என்று தொடர்ச்சியாகப் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். மேஸ்திரி ஒவ்வொரு துண்டாக டேப்பை எடுத்து எடுத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சேர்ந்துகொண்டே போகும். டேப்பின் நுனியை ஒரு மூலையில் பிடித்துவிட்டு 0, 3000, 6300, 9000 என்று வரிசையாகக் குறித்தால் பிழை சேராது. அதற்கு டிம்ஆர்டினேட் இருக்கிறது. ஏ-1ஐ 0,0 புள்ளியில் வைத்தோமே, அதனால் எதையும் மாற்றாமல் நேராக இந்த எண்களே வரும். தொடர் அளவையும் இதையும் இரண்டு வரிசையாகக் கொடுங்கள்.

மூலைவிட்டத்தையும் எழுதுங்கள். ஏ-1லிருந்து சி-4 வரை டிம்அலைன்டில் பிடித்தால் 11,161. சைட்டில் மூலைமட்டம் வைத்தும் 3-4-5 முறையிலும் செங்கோணம் எடுப்பார்கள், நல்ல வழிதான், ஆனால் 9 மீட்டர் நீளத்துக்கு மூலைமட்டத்தின் சின்ன சாய்வே பெரிதாகிவிடும். இரண்டு மூலைவிட்டமும் 11,161 வந்தால் நூல் சரியாக நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த ஒரு எண்ணை யாருமே எழுதிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வீட்டை மனையோடு கட்டும் அளவும் வேண்டும். மனையின் எந்த மூலையிலிருந்து ஏ கோடு எவ்வளவு, 1 கோடு எவ்வளவு. மனை கோணலாக இருந்தால் எந்தப் பக்கத்துக்கு இணையாக வீடு நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். அளவின் மேல் கையால் எண்ணை டைப் செய்து மாற்றும் வேலை எப்போதும் வேண்டாம். கோடு நகர்ந்தாலும் அந்த எண் நகராது, படம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அட்டவணையும் வெட்டுப்படமும்

ஃபுட்டிங் வகை, நீளம், அகலம், கனம், இரண்டு திசைக் கம்பி, எத்தனை எண்ணிக்கை என்று ஒரு அட்டவணை. செவ்வக ஃபுட்டிங்கில் எந்தத் திசைக் கம்பி கீழே வரும் என்று சொல்லிவிடுங்கள். கீழே ஒரு வெட்டுப்படம் 1:20ல். அதில் தரைமட்டம், பிளின்த் மட்டம், ஃபுட்டிங் அடி, பிசிசி அடி நான்கும் தெரியவேண்டும். ‘ஆழம் 1500’ என்று மொட்டையாக எழுதினால் அது ஃபுட்டிங் அடிவரையா, பிசிசி அடிவரையா என்று தெரியாது. ஃபுட்டிங் அடி 1500, பிசிசி 100, தோண்ட வேண்டியது 1600 என்று மூன்றையும் எழுதுங்கள். மட்டம் எதிலிருந்து என்பதும் முக்கியம், ரோட்டில் அழியாத ஒரு புள்ளியைக் குறித்து அதிலிருந்து சொல்லுங்கள், ஏனென்றால் மனையின் தரை மண் கொட்டும்போதெல்லாம் மாறும். கம்பிக்குக் கவர், ஃபுட்டிங்கில் ஐஎஸ் 456 சொல்வது குறைந்தது 50 மில்லிமீட்டர், பில்லரில் 40. கவர் பிளாக் கட்டுபவருக்கு இரண்டும் வேறு என்று படத்தில் கண்ணில் படும்படி எழுதுங்கள்.

பேப்பருக்குக் கொண்டுவருவது

எல்லாவற்றையும் மாடல் ஸ்பேஸில் உண்மையான அளவில் வரைந்திருக்கிறோம். லேஅவுட்டில் ஏ3 பேப்பர், வியூபோர்ட் (தாளில் படம் தெரியும் ஜன்னல்) 1:50. அந்த அளவில் ஏ3ல் 21 மீட்டருக்கு 14.85 மீட்டர் கொள்ளும், முழு மனையும் 244க்கு 183 மில்லிமீட்டரில் அடங்கி, ஓரத்தில் அட்டவணைக்கும் வெட்டுப்படத்துக்கும் இடம் கிடைக்கும். வியூபோர்ட்டை உடனே லாக் செய்யுங்கள். எழுத்து பேப்பரில் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும், மாடலில் 150. அனோட்டேட்டிவ் (ஸ்கேலுக்கேற்ப எழுத்தின் அளவு தானே மாறும் வசதி) வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு வேண்டாம். சென்டர் கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் விட்டுவிட்டு வரும் கோடுகளின் அளவைக் கட்டுப்படுத்தும் எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல் இரண்டையும் 1 வைத்து ரீஜென் கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிளின்த் பீமை இதே தாளில் திணிக்க வேண்டாம். ஃபுட்டிங், பிசிசி, பீம், சுவர் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கறுப்பு வெள்ளைப் பிரின்டில் எது எதென்றே தெரியாது. லேயரை ஃப்ரீஸ் செய்து இரண்டாவது லேஅவுட் போடுங்கள், ஃபைல் ஒன்றுதான். பில்லர் மார்க்கிங்குக்கும் ஃபுட்டிங் இல்லாமல் கிரிட்டும் பில்லரும் 35களும் மட்டும் உள்ள ஒரு தாள் கொடுத்தால், பிசிசிக்கு மேல் பில்லர் நிறுத்தும் நாளில் அதுதான் கையில் இருக்கும்.

பிடிஎஃப் எடுக்கும் முன் ஓவர்கில் கொடுத்து இரட்டைக் கோடுகளை அழியுங்கள், பயன்படாத லேயர், பிளாக்குகளை நீக்க பர்ஜ் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு பிரின்ட் எடுத்து வெயிலில் வைத்துப் படித்துப் பாருங்கள், சைட்டில் அப்படித்தான் படிப்பார்கள். திருத்தம் வந்தால் தாளில் ஆர்1, ஆர்2 என்று எண்ணும் தேதியும் போட்டு, மாறிய இடத்தைச் சுற்றி ரெவிஷன் கிளவுட் வரைந்து, பழைய தாளை மேஸ்திரி கையிலிருந்து வாங்கிவிட்டுப் புதியதைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பிடிஎஃப் அவர் போனில் இன்னும் இருக்கும், அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.